எட்டுப் பட்டை கட்டிய நிதானக்கா

லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று இருபத்திரண்டு வருடமாகக் காதால் பார்த்து வந்தவள் நிதானக்கா. முதலில் எல்லாப் பொத்தானையும் அமுக்குவார்கள். பிறகு கதவைக் குத்துவார்கள். பிறகு கட்டடத்துக்காரரை, லிஃப்ட் செய்தவரை, அன்று காலையில் யார் முகத்தில் விழித்தார்களோ அவரை எல்லாம் வரிசையாகத் திட்டுவார்கள். கடைசியில்தான் சுவரில் இருக்கும் அவசரப் பொத்தான் கண்ணில் படும். அதை அழுத்தினால் ஊரின் வேறொரு மூலையில், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் இரண்டாவது மாடியில், எட்டு நாற்காலியும் எட்டுத் திரையும் போட்ட ஓர் அறையில் மணி அடிக்கும். அதில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ஒருமுறை அறையில் மின்விசிறி கழன்று இரண்டு மேசைக்கு நடுவே விழுந்தது. மற்ற ஏழு பேரும் வாசல் வரை ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் போனில், "ஒண்ணுமில்லீங்க, இங்க ஒரு ஃபேன் விழுந்துச்சு, நீங்க சொல்லுங்க" என்றாள். நிதானக்கா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

மாட்டிக்கொண்டவர்களிடம் அவள் பேசும் முறையும் தனி. "முதல்ல கீழ உட்காருங்க. ஆமா, தரையிலதான். துணி அழுக்கானா துவைச்சுக்கலாம்" என்பாள். விளக்கு எரிகிறதா, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டு, மெக்கானிக்கைக் கிளப்பிவிட்டு, "சரி, பையில என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். பையைத் துழாவுகிற கை நடுங்க மறந்துவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. மெக்கானிக் வந்து சேர இருபது நிமிடம், முப்பது நிமிடம் ஆகும். கதவு திறக்கும் சத்தம் காதில் விழாமல் அவள் ஒரு நாளும் போனை வைத்ததில்லை.

அவளுக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்புவாள். அந்த ஷிஃப்ட்டை அவள் விட முடியாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், சர்க்கரை நோயாளி. பகலெல்லாம் பிரச்சினை இல்லை, ரேடியோவும் எதிர்வீட்டுக்காரரும் போதும். இரவில்தான் வினை. தூக்கத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உடம்பெல்லாம் வேர்த்து எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வீட்டுக்குள் நடப்பார். அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய்த் தங்கிய ஒரே ஓர் இரவில் குளியலறைக் கதவில் மோதி நெற்றி பிளந்து, காலை வரை தரையில் கிடந்தார். ஐந்து தையல். அதற்குப் பிறகு அவள் தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். வேர்த்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர். இல்லாவிட்டால் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். மகன் இருக்கிறான், வேறு ஊரில், மருமகளோடு, நன்றாக இருக்கிறான். அவ்வளவுதான் அவனைப் பற்றிச் சொல்ல முடியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நாள் ஊழியர்கள் மேல் அக்கறை வந்துவிட்டது.

அக்கறையைக் கொண்டுவந்தவர் புது மேலாளர். அவரைச் 'சராசரி' என்றுதான் அறையில் சொல்வார்கள், அவர் இல்லாதபோது. வாயைத் திறந்தால் சராசரி அழைப்பு நேரம், சராசரிக் காத்திருப்பு, சராசரி வருகை. தன் மனைவியிடம்கூட சராசரியாக எத்தனை முறை சண்டை போடுகிறோம் என்று கணக்கு வைத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து எட்டு ரப்பர் கைப்பட்டைகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு சின்ன எழுத்துத் திரை, ஒரு குட்டி விளக்கு.

"இது உங்க நாடியைப் பார்க்கும், வேர்வையைப் பார்க்கும். நீங்க நிம்மதியா இருந்தா பச்சை. கொஞ்சம் பதற்றம்னா மஞ்சள். சிவப்பு வந்தா உங்க ஸ்கிரீன் தானா பூட்டிக்கும். மூணு நிமிஷம் கட்டாய ஓய்வு. ஒரு நீர்வீழ்ச்சி படம் வரும், அதைப் பார்த்து மூச்சு விடணும்."

"அப்ப லைன்ல இருக்கிறவங்க சார்?" என்று கேட்டாள் பட்டாசு. அவள் நிதானக்காவின் பக்கத்து நாற்காலி. பெயருக்கு ஏற்றபடி எதற்கும் வெடிப்பாள், ஆனால் மனசு தங்கம்.

"அந்தக் கால் தானா அடுத்த சீட்டுக்குப் போயிடும்."

"கழட்டி வைக்கலாமா சார், வீட்டுக்குப் போனா?"

"நிம்மதிங்கிறது இருபத்திநாலு மணி நேர விஷயம்மா. தூங்கும்போதும் போட்டிருக்கணும். கழட்டினாலோ மாத்திக்கிட்டாலோ வேலை போயிடும்" என்று அதே சிரித்த முகத்தோடு சொன்னார்.

முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பெரியவர் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். பட்டாசு எடுத்தாள். பெரியவர் கத்தினார், இவள் பதறினாள், பட்டை சிவந்தது, திரையில் நீர்வீழ்ச்சி கொட்டியது. அழைப்பு அடுத்த நாற்காலிக்குத் தாவியது. தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் வந்து விழுந்த அழைப்பில் அந்த நாற்காலிக்காரரும் பதறினார், அங்கேயும் நீர்வீழ்ச்சி. இப்படியே ஒவ்வொரு நாற்காலியாக உருண்டு, பதினொரு நிமிடம் கழித்து நிதானக்காவிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் அறையில் ஏழு பேரும் ஆளுக்கொரு தடவை அருவியைப் பார்த்து மூச்சு விட்டிருந்தார்கள்.

"ஏம்மா, நீங்களாவது இருப்பீங்களா? இல்ல, உங்களுக்கும் மயக்கம் வருமா?" என்றார் பெரியவர்.

"நான் எங்கயும் போகலீங்க. கீழ உட்காருங்க" என்றாள் நிதானக்கா. சொல்லும்போது அவளுக்குக் கோபமாக வந்தது. இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிற மனுஷனைப் பந்து விளையாடுகிறார்களே என்று உண்மையாகவே கோபம். பட்டை மட்டும் நாடி அறுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டு பச்சையாகவே இருந்தது. அவள் உடம்பின் வாகு அப்படி.

அன்று ஷிஃப்ட் முடியும்போதே பட்டாசு தன் பட்டையைக் கழற்றி மேசைக்கு அடியில் நீட்டினாள். "அக்கா, இது ஒரு நாள் உன் கையில இருக்கட்டும். இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நெஞ்சு அடிக்குது. அடிச்சா இது சிவக்குது. சிவந்தா இன்னும் அடிக்குது. பைத்தியம் பிடிச்சிடும்கா."

விதி தெரிந்தும் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பட்டாசுக்காகப் பாதி, லிஃப்ட்டில் நிற்கிறவர்களுக்காக மீதி. மறுநாள் பட்டாசின் திரை ஒரு முறைகூடப் பூட்டவில்லை. அந்த விஷயம் அறையில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வெள்ளிக்கிழமைக்குள் நிதானக்காவின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலும் நாலும் எட்டுப் பட்டைகள். முழுக்கை ரவிக்கை இரண்டு தைத்துக்கொண்டாள். வீட்டில் கணவர் அவள் கையைத் தடவிப் பார்த்து, "என்ன இது, வளையல் கடை வச்சிருக்கியா?" என்றார்.

"ஆபீஸ் நிம்மதி. எட்டுப் பேரோடது. நான்தான் பார்த்துக்கறேன்."

"அரிக்கலையா?"

"அரிக்குது."

அரிப்புதான் ஒரே தொந்தரவு. மற்றபடி எல்லாம் சுபம். அழைப்புகள் தாவவில்லை, அருவிகள் கொட்டவில்லை, பட்டாசு சிரித்துப் பேசினாள். ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் ஒரு கண்ணாடிக் கேடயமும் வந்தன. மேலாளர் அறை நடுவில் நின்று, கடிதத்தை வாசித்தார்.

"இப்படி ஒரு ஒத்துமையை, நம்ம பட்டைக் கணக்கையெல்லாம் படிக்கிற சிஸ்டம் எங்கயும் பார்த்ததில்லையாம். எட்டுப் பேர் நாடியும் ஒரே மாதிரி துடிக்குது. எட்டுப் பேரும் ஒரே நேரத்துல எழுந்து, ஒரே மாதிரி நாப்பத்திரண்டு அடி நடந்து, ஒரே நேரத்துல பாத்ரூம் போறீங்க." அவருக்குக் குரல் தழுதழுத்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டுப் பேரும் ஒண்ணா விழிச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒண்ணா தூங்குறீங்க. இதுக்கு மேல ஒரு டீம் எப்படி இருக்க முடியும்? நான் பெருமைப்படறேன்."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் மேலாளர். எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதிரே நிற்கிற எட்டு முகமும் எட்டு விதமாக வெளிறியது தெரியவில்லை.

கேடயம் வந்த பத்தாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. சிஸ்டம் யோசித்திருந்தது. இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் வேலை போதவில்லை என்று அர்த்தம். எட்டுப் பேர் வேலையை ஆறு பேர் தாராளமாகச் செய்யலாம். இரவு ஷிஃப்ட்டிலோ ஆள் பற்றாக்குறை. காலை ஊழியர்களோ இரவு இரண்டு மணிக்குத் தாங்களாகவே விழித்துக்கொள்கிறார்கள், விழித்தாலும் பதறுவதில்லை. இரவுப் பணிக்கென்றே பிறந்தவர்கள். எனவே இரண்டு பேர் அடுத்த மாதம் முதல் இரவுக்கு மாற வேண்டும். எட்டு வரைபடமும் ஒன்றுபோல இருப்பதால், யாருடைய அழைப்புகள் நீளமோ அவர்கள் முதலில்.

இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் 'பரீட்சை' என்று பெயர் எடுத்தவர். ஒன்பது வருடமாக ஏதோ ஒரு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். இரவில் அமைதியாகப் படிக்கலாம் என்று அவருக்கு வாயெல்லாம் பல். இன்னொரு பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்த பெயர். அதை முதல் தடவையாக எல்லாரும் சத்தமாகக் கேட்டார்கள்.

நிதானக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கணவரின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க அவள் எழுந்ததெல்லாம் சேர்ந்து, அவரை விட்டு இரவில் வெளியே போ என்று அவளிடமே சொல்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பட்டாசு அழுதேவிட்டாள். "எல்லாம் என்னாலதான்கா. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா எட்டுப் பேருக்கும் வேலை போகும். வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் நிதானக்கா. அன்றே ஏழு பட்டைகளும் அவரவர் கைக்குத் திரும்பிப் போயின. அறையில் மறுபடியும் அருவி கொட்ட ஆரம்பித்தது.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வழி இருந்தது. ஏழு நாளுக்குள் பட்டை மூன்று முறை சிவந்தால் அந்த ஊழியர் இரவுப் பணிக்குத் தகுதியற்றவர், காலையிலேயே இருக்கலாம். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று சிவப்புதானே? அக்காவைப் பதற வைத்தால் போயிற்று.

அந்த ஏழு நாளும் அவளைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். பட்டை, 'அருமையான உடற்பயிற்சி, வாழ்த்துகள்' என்றது. பின்னாலிருந்து காகிதப் பையை ஊதி உடைத்தார்கள். "இந்தப் பை எனக்கு வேணும்னு வச்சிருந்தேனே" என்றாள். பட்டாசு தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சேகரித்துக் காதருகே வந்து திட்டினாள், திட்டத் திட்ட அவள் பட்டைதான் சிவந்து அவள் திரைதான் பூட்டிக்கொண்டது. பரீட்சை தன் பங்குக்குக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து நேரம் வைத்து எழுதச் சொன்னார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வாங்கினாள். ஒன்பது வருடத்தில் அவர் வாங்காத மதிப்பெண் அது, அந்த மனுஷன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அவளுக்குப் பயம் இல்லை என்று யாராவது நினைத்தால் அது அபாண்டம். பயந்து செத்துக்கொண்டிருந்தாள். சிலருக்குப் பயம் நெஞ்சில் அடிக்கும், அவளுக்கு அது கையில் வேலையாக வரும். அந்த ஏழு நாளும் வேலை முடிந்து போய்ப் பழைய புடவைகளைக் கிழித்து, வீட்டில் உள்ள கதவு விளிம்புகளுக்கெல்லாம் மெத்தை வைத்துத் தைத்தாள். மேசை முனைக்கும் தைத்தாள். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் கயிறு கட்டினாள். தலைமாட்டில், ஜன்னலில், குளியலறை வாசலில், சமையலறைத் தரையில் என்று ஏழு இடத்தில் சர்க்கரை டப்பா வைத்தாள். கணவர் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். "எங்க போகப் போற?" என்று மட்டும் கேட்டார். ஊசி போய்க்கொண்டே இருந்தது, பட்டை பச்சையாகவே இருந்தது.

ஏழாம் நாள் பகல் ஒன்றரை மணிக்கு அவள் மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் தனக்காகக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லுங்கம்மா" என்றார்.

"இரவு ஷிஃப்ட் எனக்கு முடியாது சார்."

"நானா போட்டேன்? சிஸ்டம் போட்டது. பாருங்க, ஏழு நாள் அவகாசம் குடுத்திருக்கு. உங்க கிராஃப் கோடு போட்ட மாதிரி இருக்கு. ஒரு மஞ்சள்கூட இல்ல. உங்களுக்குக் கஷ்டம்னு நான் எப்படி மேல சொல்றது? மூணு மணிக்குத் தலைமை அலுவலக மீட்டிங் வேற..." மீட்டிங் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் மேலாளர்களுக்கும் கட்டாயம் என்று அவர் கையில் கட்டியிருந்த பட்டை மஞ்சளாகி, சிவப்பாகி, திரை பூட்டிக்கொண்டது. நீர்வீழ்ச்சி. 'உங்களுக்கு ஓய்வு தேவை' என்றது ஒரு பெண் குரல்.

பார்ப்பதற்குத் திரை இல்லாமல் போனதும் மேலாளருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தார். வேலைக்கு வந்து ஐந்து மாதத்தில் அந்த முகத்தை அப்போதுதான் பார்க்கிறார்.

"உட்காருங்கம்மா" என்றார்.

மூன்று நிமிடம்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்கவில்லை. சர்க்கரை இறங்குவதை, குளியலறைக் கதவை, ஐந்து தையலை, இரண்டு மணிக்கு எழுவதை எல்லாம் சொன்னாள். கயிறு கட்டியதையும் சொன்னாள். எட்டுப் பட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணி என்றதும் மேலாளர் கண்ணாடிக் கேடயத்தை ஒரு பார்வை பார்த்தார். கேடயத்தைப் பார்த்து, அவள் முழுக்கை ரவிக்கையைப் பார்த்து, தனக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். முகம் சுருங்கிப் போயிற்று. மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"இவ்வளவு இருக்கு. இத்தனை நாள் ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே சார்" என்றாள். "என் மணிக்கட்டைத்தான் கேட்டீங்க."

அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் இன்னும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னது. மேலாளர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து தன் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களோடதைக் கழட்டுங்க."

"சார், மாத்தினா வேலை போயிடும்னு..."

"நான்தானே சொன்னேன், எனக்குத் தெரியாதா? சீக்கிரம்மா, திரை திறந்துடும்."

இரண்டு மணிக்கு அவள் மேலாளரின் பட்டையோடு வீட்டுக்குப் போனாள். மூன்று மணிக்கு மேலாளர் அவள் பட்டையோடு தலைமை அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்தார். மூன்று ஐந்துக்கு முதல் சிவப்பு. மூன்று பன்னிரண்டுக்கு இரண்டாவது. சராசரி அழைப்பு நேரம் ஏன் ஏறியது என்று கேட்டபோது மூன்றாவது. அதோடு நிற்காமல் மீட்டிங் முடிவதற்குள் பதினான்கு. மறுநாள் காலை சிஸ்டம் பதறிப்போய் அவள் பெயரை இரவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட நோஞ்சான் மனத்தை இரவில் தனியாக விடக்கூடாது என்று ஒரு குறிப்பும் எழுதி, வாரம் ஒரு சிவப்பாவது வந்துகொண்டிருக்கும் வரை காலையிலேயே வைத்திருக்கலாம், எட்டு நாள் தொடர்ந்து பச்சையாக இருந்தால் தேறிவிட்டதாகக் கொண்டு மறுபடி இரவுக்குப் பரிசீலிக்கலாம் என்று முடித்திருந்தது. மூச்சுப்பயிற்சிப் புத்தகம் ஒன்றும் அவளுக்கு இலவசமாக வந்தது. பட்டாசு அதை வாங்கிக்கொண்டாள்.

மேலாளர் கதை வேறு விதமாகப் போயிற்று. அவர் பெயர் போட்ட பட்டை இப்போது நிதானக்காவின் கையில். தலைமை அலுவலகம் ஆச்சரியப்பட்டது. இவ்வளவு வேலைக்கு நடுவில் இந்த மனிதர் கலங்குவதே இல்லை, இரவு இரண்டு மணிக்குக்கூடக் கம்பெனி நினைப்பில் விழித்துக்கொள்கிறார். இப்படிப்பட்டவரைச் சும்மா உட்கார வைக்கலாமா? பரீட்சை காலி செய்த நாற்காலியில் அவரும் தினம் நாலு மணி நேரம் உட்கார்ந்து அழைப்பு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுக்க வாயைத் திறந்தால் பட்டை மாறியதைச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் வாரம் தடுமாறினார். மாட்டிக்கொண்டவர்களிடம் சராசரிக் காத்திருப்பு இருபத்திரண்டு நிமிடம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் கோபத்தில் நிதானக்காவின் திரைதான் பூட்டிக்கொண்டது, அவள் கையிலிருந்த அழைப்புகள் பட்டாசிடம் தாவின. "சார், நான் லைன்ல இருக்கும்போது கோபப்படாதீங்க. முடிச்சிட்டு சைகை காட்டறேன், அப்ப படுங்க" என்று சொல்லிவைத்தாள். அவரும் அப்படியே பழகிக்கொண்டார். அவள் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு, தரையில் உட்காரச் சொல்லவும் பழகிக்கொண்டார்.

வினை அங்கேதான் வந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஒரு அப்பாவும் நாலு வயதுப் பெண் குழந்தையும் மாட்டிக்கொண்டார்கள். மேலாளர் எடுத்தார். குழந்தை அழுதது. அதன் பள்ளிக்கூடப் பையில் எத்தனை பென்சில் இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் நிறம் கேட்டார். ஐந்தாவது பென்சிலில் அழுகை நின்றது. முப்பத்தொரு நிமிடம் பேசினார். சுவரில் இருந்த பெரிய திரையில் சராசரி அழைப்பு நேரம் எகிறிக் குதித்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதவு திறக்கும் சத்தம் வந்த பிறகுதான் போனை வைத்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வயிறு நிறைந்த மனிதன் மாதிரி மூச்சு விட்டார்.

நிதானக்கா அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை. நேற்றும் பச்சை. விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். நேற்றோடு ஏழு நாள்.

"சார்" என்றாள்.

"என்னம்மா?" கண்ணைத் திறக்காமலேயே கேட்டார். குரலில் அப்படி ஒரு இதம்.

"ஏழு நாளா ஒரு சிவப்பு இல்ல சார். இன்னிக்கும் இல்லேன்னா நாளைக்கு என்னை ராத்திரிக்கு மாத்திடும்." அவள் இப்போது எதையும் மறைக்கவில்லை, முகமெல்லாம் பயம். "நீங்க இப்படி நிம்மதியா இருந்தீங்கன்னா வீட்டுல அவர் என்ன சார் ஆவாரு?"

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து பட்டையைப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். பச்சை. மேசையைத் தட்டினார். பச்சை. பட்டாசு தானாக முன்வந்து இரண்டு கெட்ட வார்த்தை சொன்னாள். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"கோபமே வர மாட்டேங்குதும்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மணி ஒன்று ஐம்பது. அவள் கிளம்ப இன்னும் பத்து நிமிடம். மேலாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "உங்க லைன்ல யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

அவர் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரும் எடுப்பதற்கு முன்பே பட்டை சிவந்தது, நிதானக்காவின் திரையில் அருவி கொட்டியது. போதும் சார், வைத்துவிடுங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.